எந்த இ-டைப்பைக் கட்டுகிறீர்கள்?

பிளாஸ்டிக் மாடல் கார் கட்டும் நண்பர்களுக்கு,

ஜாகுவார் இ-டைப் கிட்டை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இன்னும் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. நுண்ணிய உலோகப் பாகங்கள் கொண்ட எட்ச்சிங் தகடு வரட்டும், ரெசின் எஞ்சின் வரட்டும், நல்ல சக்கரம் கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு பொட்டலத்துக்காகவும் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிட்டின் விலையைவிட உதிரிகளுக்கு அதிகம் செலவழித்தவர்களும் உங்களில் உண்டு. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மேசையில் பரப்பிப் பார்த்தால் ஒரு பாகம் 1961-ம் வருடக் காருக்கானது, இன்னொன்று 1968-ம் வருடக் காருக்கானது. இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றினால் எந்த ஊர்த் தெருவிலும் ஓடியிராத ஒரு கார்தான் கிடைக்கும்.

வாங்கிப் பொருத்துவதெல்லாம் பிற்பாடு. நீங்கள் கட்டப்போவது எந்த ஒற்றைக் கார், அது எந்த வருடத்தில், முடிந்தால் எந்த மாதத்தில் எப்படி இருந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டிக்குள் இருப்பது ஒரு வகையின் உருவம். அதை ஒரு குறிப்பிட்ட காராக மாற்றுவதைத்தான் நான் மேம்படுத்துதல் என்பேன். அந்த முடிவை எடுத்துவிட்டால் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, எந்த இடத்தில் அரத்தை வைப்பது என்ற கேள்விகளில் பாதிக்கு அன்றைக்கே விடை கிடைத்துவிடும்.

இ-டைப்பில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். 1961-ல் ஜெனீவாவில் அறிமுகமானதிலிருந்து 1974-ல் தயாரிப்பு நிற்கும் வரை எழுபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஜாகுவார் தொழிற்சாலையிலிருந்து வெளியேறின. அத்தனையும் பெயரளவில்தான் ஒன்று. முதலில் வந்த சில நூறு கார்களில் பானட்டைத் திறக்கும் பூட்டு வெளியே, பக்கவாட்டில் இருந்தது. தனிச் சாவியைப் போட்டுத் திருக வேண்டும். 1962 தொடக்கம் வரை உட்புறத் தரை தட்டையாக இருந்தது. உயரமானவர்கள் கால் வைக்க இடமில்லை என்று முறையிட்டதால் பிறகு கால் வைக்கும் இடத்தைப் பள்ளமாக்கினார்கள். டேஷ்போர்டின் நடுப்பகுதி ஆரம்பத்தில் புள்ளி பொறித்த அலுமினியத் தகடு, 1963-க்குப் பிறகு கறுப்பு உறை. 1964 அக்டோபரில் 3.8 லிட்டர் எஞ்சின் போய் 4.2 வந்தது. 1967 வாக்கில் ஹெட்லைட்டை மூடியிருந்த கண்ணாடி போனது. 1968-ல் வந்த இரண்டாம் வரிசையில் முன்வாய் பெரிதானது, பின்விளக்குகள் பம்பருக்குக் கீழே இறங்கின. 1971-ல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த மூன்றாம் வரிசையில் இரண்டு இருக்கைக் காரின் முன்பின் சக்கர இடைவெளியே 9 அங்குலம் கூடிவிட்டது. முதல் இரண்டு வரிசைகளின் இரண்டு இருக்கைக் கார்களில் முன்கண்ணாடியைத் துடைக்க மூன்று வைப்பர்கள், மூன்றாவதில் இரண்டுதான். கண்ணாடி மூடிய ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டாம் வரிசையின் பெரிய வாயை வைத்துக் கட்டிய மாடல்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. கட்டியவரின் கைத்திறனில் அங்கே குறையே இருக்காது. எந்தக் கார் என்று அவர் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

எதைத் தேர்வது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இரண்டு கார்களைச் சொல்கிறேன். முதலாவது 9600 எச்பி என்ற பதிவெண் கொண்ட கூப்பே. ஒளிரும் துப்பாக்கி உலோகச் சாம்பல் (கன்மெட்டல்) நிறம். 1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில் ஜாகுவாரின் நிறுவனர் சர் வில்லியம் லயன்ஸ் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது இதைத்தான். கவென்ட்ரியிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஜாகுவாரின் மக்கள் தொடர்பு அதிகாரி பாப் பெர்ரி. நிகழ்ச்சி தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் வந்து சேர்ந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அத்தனை பேர் வரிசையில் நின்றதால் இன்னொரு கார் உடனே வேண்டும் என்று லயன்ஸ் ஊருக்குத் தகவல் அனுப்பினார். தலைமைச் சோதனைப் பொறியாளர் நார்மன் டூயிஸ் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, 77 ஆர்டபிள்யூ என்ற பச்சை நிற ரோட்ஸ்டரில் ஏறி இரவோடு இரவாக ஓட்டி மறுநாள் காலையில் ஜெனீவாவில் நின்றார். நான் சொல்லும் இரண்டாவது கார் அதுதான்.

இரண்டுக்கும் நல்ல புகைப்படங்கள் உண்டு, இரண்டும் இன்றும் இருக்கின்றன. அந்த வருடம் பத்திரிகைகள் ஓட்டிச் சோதித்ததும் இவற்றைத்தான்: 'ஆட்டோகார்' கூப்பேயில் மணிக்கு 150.4 மைலைத் தொட்டது, 'மோட்டார்' ரோட்ஸ்டரில் 149.1. அந்த வேகத்துக்காகச் சாதாரண சாலை டயரைக் கழற்றிவிட்டு டன்லப் ஆர்5 பந்தய டயர்களை மாட்டினார்கள். ஆகவே 9600 எச்பியைக் கட்டுகிறேன் என்று சொன்னால்கூட, ஜெனீவாவில் நின்ற காரா, வேகச் சோதனையில் ஓடிய காரா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதை ரொம்பவும் நுணுக்கம் பார்ப்பதாக நினைக்காதீர்கள். டயருக்கான விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

புகைப்படம் தேடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இன்றைக்குக் கண்ணில் படும் படங்களில் பெரும்பாலானவை புதுப்பித்த கார்களுடையவை. அவற்றில் டயர் ரேடியலாக மாறியிருக்கும், குரோம் தொழிற்சாலையில் இருந்ததைவிடப் பளபளக்கும், பெயிண்டின் ஆழம் 1961-ல் யாரும் கண்டிராதது. 2021-ல் ஜாகுவாரே இந்த இரண்டு கார்களின் நினைவாக, பழைய 3.8 கார்களைப் புதுப்பித்து ஆறு ஜோடிகளை வெளியிட்டது. அழகான கார்கள்தான்; ஆனால் அவற்றைப் பார்த்துக் கட்டினால் நீங்கள் கட்டுவது 2021-ம் வருடக் கார். கறுப்பு வெள்ளையில் இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காலத்துப் படமே மேல். நிழல் எங்கே விழுகிறது, டயர் வளைவுக்குள் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதெல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் தெளிவாகத் தெரியும்.

டயர் எவ்வளவு உள்ளே ஒடுங்கியிருக்கிறது என்ற அந்த விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இ-டைப் மாடலைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான்.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மைக் காரின் அகலம் 1657 மி.மீ. இடது சக்கரத்தின் நடுவிலிருந்து வலது சக்கரத்தின் நடு வரை 1270 மி.மீ. டயரின் பருமன் 6.40 அங்குலம், அதாவது சுமார் 163 மி.மீ. நம் மாடல் 1/24 அளவு என்பதால் எல்லாவற்றையும் 24-ஆல் வகுத்தால் உடம்பு 69 மி.மீ., சக்கர நடு இடைவெளி 53 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, டயர் 6.8 மி.மீ. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: டயரின் வெளிச்சுவர் உடம்பின் அகலமான கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் நாலரை மி.மீ.க்குச் சற்று அதிகமாக உள்ளே இருக்க வேண்டும். இ-டைப்பின் விலாப்பகுதி வெளியே உப்பிக் கீழே உள்வாங்கிப் போவதால் வந்த கணக்கு இது. உடம்பு சாலையைத் தொடாமல் மிதப்பதுபோல் தெரிவதற்குக் காரணம் ஒல்லியான டயரும் இந்த ஒடுக்கமும்தான். இன்றைய கார்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏதோ குறைபோலத் தெரிகிறது. அதனால் அச்சுக்கு வாஷர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள், கிட்டில் வந்த டயரைத் தூக்கிப்போட்டு அகலமான டயர் மாட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முன்னும் பின்னும் டேப் ஒட்டித் தற்காலிகமாகச் சக்கரங்களை நிறுத்தி, ஸ்கேலால் அளந்து, கண்ணின் உயரத்துக்கு மாடலைத் தூக்கிப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். உயரத்தில் அரை மி.மீ. மாறினாலே உண்மைக் காரில் 12 மி.மீ. நீங்கள் செய்யப்போகும் திருத்தங்களில் இதற்கு ஒரு பைசா செலவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான்.

அடுத்தது பானட். முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகள் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழும் அமைப்பு இது. அதற்குக் கீழே சதுரக் குழாய்களால் ஆன சட்டம் எஞ்சினைத் தாங்குகிறது; அந்தச் சட்டத்தை நடு உடம்பின் முன்சுவரோடு போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். லே மான்ஸ் பந்தயத்தை 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று முறை வென்ற ஜாகுவார் டி-டைப்பிலிருந்து வந்த முறை அது. இரண்டுக்கும் வடிவம் கொடுத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வளைவுகளைக் கணக்குப் போட்டு, எண் அட்டவணையாக எழுதித்தான் வரைந்தார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1996-ல் ஒரு ரோட்ஸ்டரைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு யோசித்து வரைந்த வளைவின் மேல் உப்புத்தாளை வைக்கும்போது விரலுக்குக் கீழே ஒரு கட்டை இருக்கட்டும். விரலை மட்டும் வைத்துத் தேய்த்தால் விரல் படும் இடமெல்லாம் பள்ளமாகும். பளபளப்பான பெயிண்ட் அடித்த பிறகு அந்தப் பள்ளம் ஒளியில் அலையடிக்கும்.

கதவுக்கு முன்னால் பானட் முடியும் கோடுதான் இந்த மாடலில் கண்ணில் படும் மிகப் பெரிய இடைவெளி. உண்மைக் காரில் அது 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1/24 அளவில் 0.17 மி.மீ. இங்கே பெயிண்டின் கனம் உள்ளே புகுந்து கணக்கை மாற்றும். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து ஒரு விளிம்பில் 0.1 மி.மீ. ஏறும் என்றால், எதிர் விளிம்பிலும் அதே அளவு ஏறும். ஆக, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இடைவெளி 0.37 மி.மீ. இருக்க வேண்டும். பெயிண்டுக்கு முன்பு கச்சிதமாகப் பொருந்திய பானட், அடித்து முடித்ததும் உட்கார மறுத்து எதிர் விளிம்பின் பெயிண்டைச் சுரண்டுவது இதனால்தான். அந்தச் சமயத்தில் கிட்டைத் திட்டிப் பயனில்லை.

கதவு, டிக்கி முதலிய இடங்களில் பிரச்சினை வேறு மாதிரி. வார்ப்பு அச்சிலிருந்து பாகம் சிக்காமல் கழன்று வர வேண்டும் என்பதால் பக்கவாட்டுக் கோடுகள் பெரும்பாலும் ஆழமில்லாமல் இருக்கும். மூன்று பூச்சு ஏறியதும் அவை தூர்ந்துவிடும். கறுப்பு மை விட்டு அதை மறைப்பது எனக்குப் பிடிக்காது. கோடு போட்டது போலத்தான் இருக்கும். பிரைமர் அடிப்பதற்கு முன்பே கோடு கிழிக்கும் ஊசியால் மெதுவாக, அழுத்தாமல், பல முறை இழுத்து ஆழப்படுத்துங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் நிழல் தானாக விழும். நிழலை வரைய வேண்டியதில்லை.

பானட் மேல் இருக்கும் காற்றுத் துளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நடுவில் எஞ்சினுக்காக உப்பிய மேடு, அதற்கு இரண்டு பக்கமும் வரிசையாக மீன் செவுள்போலத் திறந்த வாய்கள். எஞ்சின் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும். கிட்டில் அவை திறந்திருக்காது, வெறும் புடைப்புகளாக இருக்கும். மேலும் கீழுமாகத் திறக்கும் அச்சு, பக்கவாட்டில் உள்வாங்கும் வாயை வார்க்க முடியாது. இதைச் சரிசெய்ய எந்த உதிரியும் வாங்க வேண்டாம். பானட்டைத் திருப்பிப் போடுங்கள். கையால் சுழற்றும் சின்ன டிரில்லில் உருண்டைத் தலை பர் ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு புடைப்புக்கும் நேர் பின்னால் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். மோட்டார் டிரில் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் உருகிச் சுற்றிக்கொள்ளும். நடுவே அடிக்கடி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் மெலிய மெலிய வெளிச்சம் கசியத் தொடங்கும். முதலில் மங்கலான பழுப்பு, பிறகு வெண்மை. வெண்மை தெரிந்ததும் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து புடைப்பின் வாய் இருக்கும் விளிம்பில் புதுக் கத்தி முனையை வைத்து ஒரே இழுப்பாகக் கீறினால் வாய் திறக்கும். மேல் உதடு கெடக் கூடாது. கெட்டால் அந்த இடத்தில் பட்டி வைத்து மறுபடி உருவாக்குவது மிகக் கடினம். ஒரு மாலையில் இரண்டோ மூன்றோ போதும், கை சோர்ந்ததும் எழுந்துவிடுங்கள். எல்லாம் திறந்த பிறகு பானட்டை மூடி, மேலிருந்து பார்த்தால் ஆழத்தில் கேம் மூடியின் அலுமினியப் பளபளப்பு லேசாகத் தெரியும். அதற்காகவே நான் இந்த வேலையைச் செய்வேன்.

காசு கொடுத்து எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது சக்கரமாக இருக்கட்டும். அந்தக் காலத்து இ-டைப்பின் கம்பிச் சக்கரத்தில் 72 கம்பிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மி.மீ. கனம் என்றால் நம் அளவில் 0.17 மி.மீ. அவ்வளவு மெல்லிய, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும் கம்பிகளை ஒரே வார்ப்பில் எடுக்க முடியாது. அதனால் கிட் சக்கரத்தில் கம்பிகள் தடித்திருக்கும். எட்ச்சிங் தகட்டை அடுக்கடுக்காக வைத்துக் குழிவாக அழுத்தும் வகைச் சக்கரங்கள் இந்தக் குறையைப் பெரிதும் போக்குகின்றன. வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: கிட் சக்கரத்தின் குரோம் பூச்சை பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து நீக்கிவிடுங்கள், கம்பிகளுக்குப் பின்புறம் இருக்கும் சதையைக் கத்தியால் செதுக்கிக் குறைத்து, முழுவதும் கறுப்படித்து, கம்பிகளின் மேல் முகட்டில் மட்டும் வெள்ளி நிறம் தொட்டு வையுங்கள். தடித்த கம்பியின் ஓரங்கள் கறுப்பில் மறைந்து, கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும். நடு நட்டின் இரண்டு காதுகளையும் மெல்லியதாக அரத்தால் தேய்க்க மறக்காதீர்கள்.

பெயிண்ட் விஷயத்தில் நம் ஊரின் சங்கடங்கள் தனி. பெயிண்டும் தின்னரும் தீப்பிடிப்பவை என்பதால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைப்பது கடினம். அதனால் பலர் கார் பெயிண்ட் கடைக்குப் போய் நிறத்தைக் கலந்து வாங்குகிறார்கள். நல்ல வழிதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் டிங்கரிங் பட்டறையில் பயன்படும் என்.சி. தின்னர் நேரடியாகப் பட்டால் பாலிஸ்டைரின் வெடித்துச் சுருங்கும். பிளாஸ்டிக்கை முழுவதும் மூடும் நல்ல பிரைமர் அடியில் இருக்க வேண்டும். அதன் மேலும் முதல் இரண்டு பூச்சுகள் ஈரமாகத் தேங்காமல், தூவலாக விழ வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுக்கும். மெதுவாக உலரும் தின்னரைச் சேர்ப்பது ஓரளவு உதவும். வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருப்பது அதைவிட உதவும்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியரைப் பற்றி இங்கே உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பளபளப்பு யாரையும் மயக்கும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது, வீட்டு அறையில் ஜன்னலைத் திறந்து வைப்பதும் போதாது. குழந்தைகள் தூங்கும் வீட்டில் அதை அடிக்காதீர்கள். சாதாரண லாக்கர் கிளியரை மெல்லிய பூச்சுகளாக அடித்து, நன்றாக உலரவிட்டு, 2000-ம் எண் உப்புத்தாளில் தொடங்கித் தண்ணீரோடு தேய்த்து, பாலிஷ் போட்டாலே 1961-ம் வருடக் காருக்குப் போதுமான பளபளப்பு கிடைக்கும். அன்றைய தொழிற்சாலைப் பெயிண்ட் கண்ணாடிபோல் இருந்ததில்லை.

நிறத்திலும் நீங்கள் தேர்ந்த கார்தான் வழிகாட்டும். 77 ஆர்டபிள்யூவின் பந்தயப் பச்சை, துகள் இல்லாத நிறம். முதல் முறை கட்டுபவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். 9600 எச்பியின் சாம்பலில் அலுமினியத் துகள் உண்டு, சிக்கல் அங்கேதான். கார் பெயிண்டில் 20 மைக்ரான் துகள் இருந்தால், 1/24 அளவில் அது அரை மி.மீ. பொட்டுக்குச் சமம். உண்மைக் காரில் யாரும் அப்படிப் பொட்டுப் பொட்டாகப் பார்த்திருக்க மாட்டார்கள். மாடல்களுக்கென்றே மிக நுண்ணிய துகளோடு வரும் பெயிண்டைத் தேடிப் பிடியுங்கள். உடம்பையும் பானட்டையும் ஒரே நாளில், ஒரே கோணத்தில் நிறுத்தி அடியுங்கள். இல்லாவிட்டால் துகள் படுக்கும் திசை மாறி இரண்டும் இரண்டு நிறமாகத் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள குரோம் பட்டைக்கு ஒட்டும் அலுமினியத் தாள் பெயிண்டைவிட நன்றாக இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் புதுப் பிளேடு. கண்ணாடிப் பாகங்களை ஒட்ட சூப்பர் குளூ கூடாது, அதன் ஆவி படிந்து வெளுக்கும். வெள்ளைப் பசையே போதும். எஞ்சினில் பளபளக்கும் கேம் மூடிகள், பொன்னிறத் தலை, மூன்று எஸ்.யு. கார்ப்பரேட்டர்கள். பிளக் ஒயர் உண்மையில் 7 மி.மீ., நமக்கு 0.3 மி.மீ. கம்பி. கடையில் விற்கும் தடித்த ஒயரைப் போட்டால் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்போல் இருக்கும். உள்ளே மரவளையம் கொண்ட ஸ்டியரிங், டேஷ்போர்டின் நடுவில் வரிசையாக, மேலும் கீழும் தட்டும் டாகிள் ஸ்விட்சுகள். பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டிய டிஸ்க் பிரேக்குகளும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. யாரும் பார்க்காத இடம் என்று அதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பின் அமைப்புத்தான் இந்தக் காரை அக்காலத்துப் பல ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து பிரித்துக் காட்டியது. நிறம் பிரித்து அடிப்பதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும்.

பழைய கிட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வினைல் டயரிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் காலப்போக்கில் பாலிஸ்டைரின் சக்கரத்தை உருக்கிவிடும். பெட்டிக்குள் டயரும் கண்ணாடிப் பாகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றனவா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். தொட்டிருந்தால் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். கட்டி முடிக்கும்போது சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவே அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றுவது நல்லது.

இப்படியெல்லாம் பார்க்க ஆரம்பித்தால் சந்தோஷம் போய்விடாதா என்று உங்களில் சிலர் கேட்பது எனக்குத் தெரியும். பெட்டியில் இருப்பதை அப்படியே கட்டி, பிடித்த நிறத்தை அடித்து, மகிழ்வதில் எந்தத் தவறும் இல்லை. அப்படிக் கட்டுபவர்கள் கட்டி முடிக்கிறார்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்கு மரியாதையே உண்டு. நான் வாதாடுவது, மேம்படுத்த ஆசைப்பட்டு, ஆனால் மேம்படுத்துவதைக் கடைச் சரக்கென்று நினைத்து நின்றுபோனவர்களிடம்தான். நான் மேலே சொன்ன வேலைகளில் சக்கரத்தைத் தவிர வேறெதற்கும் உதிரி வாங்கச் சொல்லவில்லை. ஒரு புகைப்படம், ஸ்கேல், கத்தி, ஊசி, கை டிரில், உப்புத்தாள், பொறுமை இருந்தால் போதும். எட்ச்சிங் செட் வந்தால் வரட்டும். நீங்கள் தேர்ந்த காரில் அந்தப் பாகம் இருந்ததா என்று படத்தில் பாருங்கள். இருந்தால் பொருத்துங்கள், இல்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாம் மாடல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் காட்டும் சந்திப்புகளில், பெயரையும் கிட் நிறுவனத்தையும் மட்டும் எழுதிய அட்டைதான் இதுவரை வழக்கம். இனிமேல் அந்த அட்டையில் இரண்டு வரி கூட்டிக்கொள்ளுங்கள். கட்டியது எந்தக் கார், எந்த வருடத்தில் இருந்தபடி என்பது முதல் வரி. கிட்டில் எதைத் திருத்தினீர்கள், எதைத் தெரிந்தே அப்படியே விட்டீர்கள் என்பது இரண்டாவது. புதிதாகக் கட்டத் தொடங்கும் பிள்ளைகள் அந்த மேசைகளைச் சுற்றி நின்று, இதை எப்படிச் செய்தார் என்று கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவதைப் பார்க்கிறேன். அட்டை இருந்தால் படித்துக்கொள்வார்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கவும் அவர்களுக்குச் சுலபமாக இருக்கும். அடுத்த சந்திப்பிலிருந்தே இதைத் தொடங்குவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்